கற்பூர மரத்தில் சாய்த்த கோடாலி

சூலோவிடம் பேரம் பேசி ஜெயித்தவர் என்று பாலே ஆற்றின் இரண்டு கரையிலும் ஒருவரைக் காட்ட முடியாது. கபிட் சந்தையில் மிளகும் பிரம்பும் வாங்குகிற சீன முதலாளிகள், அவள் படகு துறையில் ஒதுங்குவதைப் பார்த்ததும் எழுந்து நின்றுகொள்வார்கள். மரியாதைக்காக அல்ல, உட்கார்ந்தபடி அவளோடு பேசினால் இன்னும் சீக்கிரம் தோற்க வேண்டியிருக்கும் என்பதால்.

ஒருமுறை ஒரு முதலாளி அவள் கொண்டுவந்த பிரம்புக் கட்டைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சூலோ அவரைவிட ஒரு விரற்கடை அதிகமாக உதட்டைப் பிதுக்கி, "மட்டமான சரக்குதான் முதலாளி, உங்க கடைக்கு லாயக்கில்ல" என்று கட்டைத் திரும்பத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். மனிதர் செருப்புகூடப் போடாமல் துறைப் படிக்கட்டு வரைக்கும் ஓடி வந்து, அவள் சொன்ன விலைக்கே வாங்கிப் போனார்.

இப்பேர்ப்பட்டவளை முப்பது வருஷமாகச் சட்டை செய்யாத ஆள் ஒன்று இருந்தது. ஆள் என்பது பேச்சுக்கு. அது ஒரு மரம்.

நீள்வீட்டுக்குப் பின்னால் ஏறும் முகட்டில், எக்காலத்திலும் யாரும் நெல்லுக்காக எரிக்காத பழங்காட்டில் நின்றது அந்தக் கற்பூர மரம். எட்டுப் பேர் கைகோத்தாலும் சுற்ற முடியாது. முதல் கிளை எங்கே தொடங்குகிறது என்று பார்க்க அண்ணாந்தால் தலையில் இருக்கும் தொப்பி பின்னால் விழும். நீள்வீடு என்றால் ஒரே கூரைக்குக் கீழே ஊர் முழுக்க; குடும்பத்துக்கு ஒரு கதவு என்று இருபத்தெட்டுக் கதவு. அந்தக் காடு இருபத்தெட்டுக்கும் பொது. அதனால் மரமும் பொது. பொது என்றால் அது யாரையும் ஏறிட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்றுதான் மரம் எடுத்துக்கொண்டது போலும்.

காட்டில் இருக்கிற மற்றதற்கெல்லாம் சூலோ ஒரு விலை வைத்திருந்தாள். எண்ணெய்க்கொட்டை மரத்துக்கு ஒரு விலை, குங்கிலியத்துக்கு ஒரு விலை, பிரம்புக்கு முழக்கணக்கில் ஒரு விலை. இதற்கு மட்டும் வைக்க முடியவில்லை. தேனீ இதில் கூடு கட்டுவதில்லை. பட்டையைக் கொத்தினால் வாசனை மட்டும் மூக்கில் ஏறும். கட்டிக் கற்பூரம் ஒரு சிட்டிகை வராது. பக்கத்துக் கதவுக்காரி எண்டியா ஒருமுறை அதன் கொட்டையை அவித்துப் பார்த்தாள். வீடு முழுக்க மூன்று நாள் மருந்து வாடை அடித்தது. தின்று பார்த்த அவள் புருஷன் ஒரு வாரம் எது தின்றாலும் கற்பூரமாக இருக்கிறது என்று புலம்பினான்.

இதனால் என்ன பிரயோஜனம் என்று கண்டுபிடித்தே தீருவது என்று சூலோ ஒரு நாள் முழுக்க அதன் வேர்மடிப்பில் சாய்ந்து உட்கார்ந்தாள். வியாபாரிக்கு இது வழக்கம்தான். புது ஊருக்குப் போனால் முதல் நாள் எதையும் வாங்காமல் விற்காமல் கடைத்தெருவில் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அன்றைக்கு அவள் பார்த்தது அப்படியொரு கடைத்தெருவைத்தான். மேலே பொந்தில் பெண் இருவாச்சி தன்னைத்தானே உள்ளே வைத்து மண் பூசி அடைத்துக்கொண்டிருந்தது. பிளவு வழியே அலகு மட்டும் நீள, ஆண் பறவை அத்திப்பழத்தைத் தொண்டைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஊட்டியது. அந்த அத்தி எங்கிருந்து வந்தது? அதே மரத்தின் கவட்டில், என்றோ ஒரு பறவை எச்சமிட்டதில் முளைத்து, கீழே வேர் விட்டுக்கொண்டிருந்த அத்தி. கிளையில் தொற்றிய பெரணிக்குள் எறும்பு. எறும்பைத் தின்ன ஒரு பல்லி. பல்லிக்கு ஒரு பாம்பு. பட்டையின் ஈரமான பக்கம் பாசிக்கு, காய்ந்த பக்கம் கரையானுக்கு. அடிவேரில் வெள்ளை நூல் நூலாக ஏதோ பூஞ்சை மண்ணுக்குள் ஓடி அடுத்த மரத்தோடு என்னவோ கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தது. அண்ணாந்து பார்த்தால் இன்னொரு வேடிக்கை: இந்த மரத்தின் இலை பக்கத்து மரத்தின் இலையைத் தொடாது. நடுவே ஒரு சாண் வானம் விட்டுத்தான் நிற்கும். மேலே முழுக்க அப்படி வெளிச்சம் வாய்க்கால் வாய்க்காலாக ஓடியது. பக்கத்துக் கதவுக்காரன் குறட்டை விட்டால் தன் பாய் அதிரும் வீட்டில் பிறந்தவளுக்கு அது பொறாமையாகவே இருந்தது.

சாயங்காலம் எழுந்தபோது அவளுக்கு ஒன்று புரிந்தது. இவ்வளவு பெரிய சந்தையில் அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. விற்க வந்தவளா, வாங்க வந்தவளா, திருட வந்தவளா என்று திரும்பிப் பார்க்கக்கூட ஒரு நாதி இல்லை. அவள் பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பு திறந்த சந்தை. அவளுக்குப் பிறகும் பூட்டப்போவதில்லை. கோபம் வர வேண்டிய இடம். அவளுக்கு என்னவோ மூச்சு விரிந்தது. அதற்குப் பிறகு கபிட் போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும் முகட்டுக்கு ஏறிப் போய்க் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லாதவளாக உட்கார்ந்துவிட்டு வருவாள்.

அந்த மரத்தைத்தான் வெட்டுவது என்று இப்போது பேச்சு வந்திருந்தது.

வெட்ட நினைத்ததில் அநியாயம் ஒன்றும் இல்லை. நீள்வீட்டின் தரை உளுத்துவிட்டது. போன மாதம் பொதுக்கூடத்தில் நடந்து போன எண்டியாவின் புருஷன் தொடை வரைக்கும் உள்ளே இறங்கினான். தூண்மேல் நிற்கிற வீடு; கீழே கட்டியிருந்த பன்றிக்குட்டி அவன் காலை மோந்து பார்த்தது. அறுவடைத் திருவிழாவுக்குள் புதுப் பலகை போட்டாக வேண்டும். சூலோவின் கொழுந்தன் தெடோங், மரம் வெட்டும் கூப்பில் இரண்டு வருஷம் உழைத்து ஒரு மோட்டார் ரம்பம் வாங்கி வந்திருந்தான். அவன் முகட்டுக்குப் போய்க் கயிறு போட்டு அளந்துவிட்டு வந்து, பொதுக்கூடத்தில் எல்லாருக்கும் நடுவில் நின்று சொன்னான்:

"ஒரே மரம். இருபத்தெட்டு வீட்டுத் தரைக்கும் போதும். மிச்சத்துல துவாய் வீட்டுக்கு ஒரு கட்டிலும் செய்யலாம்."

துவாய் என்றால் வீட்டுத் தலைவர். பெயர் உங்காட். எந்தக் கூட்டத்திலும் கடைசியில் பேசுவதற்காகவே முதலில் வந்து உட்காருகிற மனிதர். கட்டில் என்று காதில் விழுந்ததும் தொண்டையைக் கனைத்தார்.

"அந்த மரம் நமக்கு இதுவரைக்கும் என்ன குடுத்திருக்கு?" என்றான் தெடோங். "தேன் உண்டா? எண்ணெய் உண்டா? தின்ன ஒரு பழம் உண்டா? எண்டியா அக்கா புருஷனைக் கேளுங்க, அந்தக் கொட்டையோட ருசியை."

"வேணாம்பா, ஞாபகப்படுத்தாதே" என்று மூலையிலிருந்து குரல் வந்தது.

சூலோ எழுந்தாள். "அது மரம் இல்ல, வீடு. கதவு எண்ணினா நம்ம வீட்டைவிடப் பெரிய வீடு."

சிரிப்பு எழுந்தது.

"எண்ணுங்க அண்ணி, கேப்போம்" என்றான் தெடோங்.

அவள் விரலை மடக்க ஆரம்பித்தாள். இருவாச்சி ஒரு கதவு. பறக்கும் அணில் ஒரு கதவு. பெரணி எறும்பு, கரையான், மரத்தவளை என்று போய்ப் பத்தொன்பதில் நின்றபோது எண்டியா குறுக்கே விழுந்தாள்: "அடியே, வௌவாலை விட்டுட்டியே! அடிப்பொந்துல முந்நூறு இருக்கும்."

"முந்நூறும் ஒரே பொந்துன்னா ஒரே கதவுதான்."

"நல்லா இருக்கே! எங்க வீட்டுல ஒன்பது பேரு, உங்க வீட்டுல ரெண்டு பேரு. கதவு ஒண்ணுதான்னாலும் சண்டை ஒண்ணா?"

அதன் பிறகு எறும்புக்குப் புற்றுக்கு ஒரு கதவா, கிளைக்கு ஒரு கதவா என்று கூட்டம் இரண்டாகப் பிரிந்து, அரிசிக் கள் இரண்டு ஜாடி காலியாகும் வரை வாதாடியது. எறும்புக் கட்சிக்காரர்கள் நூற்றுப் பத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

"நூத்திப் பத்தாவே இருக்கட்டும்" என்றான் தெடோங். "அதுல ஒரு கதவாவது நம்ம தரைக்குப் பலகை குடுக்குமா? நான் மனுஷங்களைப் பத்திப் பேசுறேன் அண்ணி."

"எல்லாரும் அதையேதான்டா பேசுறோம். அது ஒண்ணுதான் பேசுறோம்."

கை தூக்கச் சொன்னார் துவாய். வெட்டலாம் என்று இருபத்தைந்து கதவு. வேண்டாம் என்று மூன்று: சூலோ, எண்டியா, அப்புறம் காது கேளாத ஒரு பெரியவர். அவர் கள் இன்னும் வேண்டுமா என்று கேட்கிறார்கள் என நினைத்துக் கை தூக்கியவர்.

பேரத்தில் எல்லாம் போன பிறகு சூலோ கடைசியாக ஒன்றை எடுப்பாள் என்று சந்தைக்காரர்களுக்குத் தெரியும். எடுத்தாள்.

"சரி, வெட்டுங்க. ஆனா கேட்டுட்டு வெட்டுங்க. பெரிய மரத்தை வெட்டுறதுக்கு முன்னால என்ன செய்யணும்?"

அது எல்லாருக்கும் தெரியும். முதல் நாள் சாயங்காலம் மரத்தடியில் ஒரு கோடாலியைச் சாய்த்து வைத்துவிட்டு வர வேண்டும். காலையில் போய்ப் பார்க்கும்போது வைத்தபடி நின்றால் வெட்டலாம். விழுந்து கிடந்தால் அந்த மரத்தில் கை வைக்கக் கூடாது; அதில் இருப்பவர்களுக்கு, ஆவியோ எதுவோ, சம்மதம் இல்லை.

"அண்ணி, நாம ஞானஸ்நானம் வாங்கினவங்க" என்றான் தெடோங்.

"நீ வாங்கினே. மரம் வாங்கலையே."

இப்போது சிரிப்பு அவள் பக்கம் சாய்ந்தது. துவாய் உங்காட் வாயைத் திறந்தார். "வழக்கம் வழக்கம்தான். நாளைக்குச் சாயங்காலம் கோடாலியை வைப்போம். நாளை மறுநாள் காலையில பார்ப்போம். அது என்ன சொல்லுதோ அதுதான்."

தெடோங் கவலைப்படவில்லை. சாய்த்து வைத்த கோடாலி தானாக விழுந்ததாக அவன் வாழ்நாளில் கேள்விப்பட்டதில்லை. அவன் பயந்ததெல்லாம் அண்ணிக்கு மட்டும்தான்.

பயந்தது சரிதான். மறுநாள் சாயங்காலம் எல்லாரும் முகட்டுக்கு ஏறினார்கள். அந்த வருஷம் காடு முழுக்கக் காய்த்திருந்தது. ஏழு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, எந்த மரம் எந்த மரத்துக்குச் சொல்லிற்றோ, ஒரே மாதத்தில் எல்லாம் பூத்து, இப்போது எல்லாம் ஒன்றாக உதிர்த்துக்கொண்டிருந்தன. கற்பூர மரத்தின் காய்கள் ஐந்து இறக்கையோடு சுழன்று சுழன்று விழுந்து கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தன. இப்படிக் காய்க்கும் வருஷம் தாடிப்பன்றிகள் மலை தாண்டி மந்தை மந்தையாக வரும். வீட்டில் ஈட்டியெல்லாம் தீட்டி ஆயிற்று. ஆனால் மேல் ஆற்றிலிருந்து வந்த படகுக்காரர்கள், பன்றிகள் இன்னும் இரண்டு ஆறு தள்ளி நிற்கின்றன, வந்துசேரப் பத்து நாளாகும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

வழக்கத்தைக் கேட்டவள் கோடாலி தர வேண்டும் என்பதால் சூலோ தன் கோடாலியைக் கொடுத்தாள். தெடோங் அதை வாங்கி, மரத்தில் சாய்க்கப் போனவன் நின்றான். பிடியை மூக்கருகே கொண்டுபோனான்.

"அண்ணி."

"என்னடா?"

"கோடாலி மீன் பிடிக்கப் போயிருந்ததா?"

அவள் மரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"கருவாட்டுத் தண்ணி!" என்று கோடாலியைத் தூக்கிக் காட்டினான். "உப்புக்கு முள்ளம்பன்றி வந்து பிடியைக் கடிக்கும், கடிச்சா விழும். துவாய், மோந்து பாருங்க!"

துவாய் மோந்தார். கோடாலி கை மாறி எல்லார் மூக்குக்கும் போயிற்று. முகடே சிரித்தது. "நல்ல கருவாடு, வீணாக்கிட்டியே" என்று எண்டியாவே சொன்னாள். கபிட் சந்தையில் தலை குனியாத சூலோவுக்குக் காது மடல் வரை சிவந்தது. தோற்றதைவிட மோசம், மட்டமான சரக்கைத் தலையில் கட்டப் பார்த்துப் பிடிபட்டது.

தெடோங் தன் கோடாலியை எடுத்தான். பிடியை ஓடைத் தண்ணீரில் மூன்று முறை கழுவினான். அலகு மண்ணில் இரண்டு விரல் இறங்கும்படி ஊன்றி, பிடியை மரத்தின் மேல் சாய்த்தான். மூட்டை கட்டிக் கொண்டு வந்திருந்த அடுப்புச் சாம்பலை மரத்தைச் சுற்றி நாலு முழ அகலத்துக்குத் தூவினான், மனிதக் கால் பட்டால் தெரியும்படி.

"இன்னும் ஒண்ணு பாக்கி" என்றான். "அண்ணியோட நாயை வீட்டுல கட்டிப் போடணும். அது அவங்க சொன்னா எதையும் செய்யும்."

சூலோ வெடித்தாள். "என் நாயா? உன் நாய் எதுவும் சொல்லாமலே எல்லாத்தையும் செய்யும்! போன வாரம் என் வீட்டு உப்புக்கண்டத்தைக் கொண்டுபோனது யாரு? என் நாயைக் கட்டினா எல்லா நாயையும் கட்டணும்!"

"கட்டட்டும்! என் நாயையும் சேர்த்துக் கட்டட்டும்!"

"எல்லா நாயையும் கட்டுங்கப்பா" என்றார் துவாய், தலைவலியோடு.

அன்றைக்கு இருட்டுவதற்குள் நாற்பத்திரண்டு நாய்களை வீட்டுத் தூண்களில் கட்டினார்கள். பிறந்ததிலிருந்து கயிறு பார்க்காத நாய்கள். அவை எழுப்பிய ஓலத்தில் யாரும் யாரோடும் பேச முடியவில்லை. சூலோ பாயில் படுத்துக்கொண்டு, தன்னிடம் மீதம் இருப்பது எதுவென்று தேடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. தந்திரம் போயிற்று, பேச்சு போயிற்று, மானமும் போயிற்று. இனி அந்த மரம் அதன் பாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அது முப்பது வருஷமாக அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தது என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

விடிந்து பனி இறங்கிக்கொண்டிருக்கையில் நாலு பேர் முன்னால் ஏறினார்கள்: துவாய், தெடோங், சூலோ, எண்டியா. தெடோங் முதுகில் ரம்பம். வேலையைக் காலையிலேயே தொடங்குவதாக எண்ணம். மற்றவர்கள் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். வீட்டில் நாய்கள் இன்னமும் கத்திக்கொண்டிருந்தன. விடியற்காலையிலிருந்து அந்தக் கத்தல் வேறு மாதிரியாக இருந்தது. ஆனால் ராத்திரி முழுக்கக் கத்தலைக் கேட்டவர்களுக்கு வித்தியாசம் புரியவில்லை.

முகட்டுக்கு ஐம்பது அடி இருக்கையில் எண்டியா நின்றாள். "மண்ணு அதிருது."

"உன் முட்டி அதிருது" என்றாள் சூலோ.

ஆனால் அவளுக்கும் உள்ளங்காலில் தெரிந்தது. அப்புறம் மூக்குக்குத் தெரிந்தது: சேற்று வாடை, மிருக வாடை, அதற்கு மேலே நொறுங்கிய காய்களின் கற்பூர வாடை. அப்புறம் சத்தம். ஆயிரம் பேர் ஒரே பந்தியில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கினால் எப்படி இருக்கும், அப்படி.

பனி ஒரு பக்கம் கிழிந்தது. முகடு நகர்ந்துகொண்டிருந்தது.

பன்றிகள். பத்து நாளைக்கு அப்பால் நிற்பதாகச் சொன்ன பன்றிகள், இரண்டு ஆற்றையும் நீந்திக் கடந்து, மலையின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்குப் பொங்கி வழிந்துகொண்டிருந்தன. நீண்ட முகம், முகத்தைச் சுற்றி வெளுத்த தாடி, முதுகில் இரண்டு ஆற்றுச் சேறு. குட்டிகள் வரி வரியாகத் தாயின் காலடியில் உருண்டன. ஏழு வருஷம் அரை வயிறும் கால் வயிறுமாக அலைந்தவை எல்லாம், காடு கதவைத் திறந்துவிட்ட நாளைச் சொல்லி வைத்தாற்போல் கண்டுபிடித்து வந்துவிட்டன. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் காற்றைத்தான் கேட்க வேண்டும்.

ஊர் நாய்கள் வழக்கம்போல் அவிழ்ந்து கிடந்திருந்தால் இந்த மந்தை மேட்டுக்கு வந்திருக்காது. நாய்கள் முகட்டில் ஏறி மறித்ததுமே எதிர்ச் சரிவில் ஒதுங்கிப் போயிருக்கும். நாற்பத்திரண்டும் தூணில் கட்டிக் கிடந்தன. வழி திறந்து கிடந்தது.

கொம்பன் பன்றி ஒன்று நாலு பேர் பக்கம் தலையைத் திருப்பிற்று. அவ்வளவுதான். தெடோங் ரம்பத்தைக் கீழே போட்டுவிட்டு ஒரு இளமரத்தில் ஏறினான். மரக்கூப்பில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவன் அவ்வளவு வேகமாக மரம் ஏறி யாரும் பார்த்ததில்லை. மற்ற மூவரும் ஒரு பெரிய வேர்மடிப்பின் மேல் தொற்றிக்கொண்டார்கள். ஈட்டி ஒன்றுகூட இல்லை. கோடாலியைப் பார்க்க வருகிறவன் எதற்கு ஈட்டி எடுப்பான்?

கொம்பன் திரும்பத் தின்னப் போய்விட்டது. இவர்களைப் பார்த்து முடித்தாயிற்று. பார்ப்பதற்கு அதற்கு மேல் இவர்களிடம் ஒன்றும் இல்லை.

சூலோ அங்கே தொங்கிக்கொண்டு பார்த்தாள். மேலே வெளிச்சம் வந்ததும் காற்று ஒரு உலுக்கு உலுக்கிற்று. கற்பூர மரம் அது வரைக்கும் கொடுத்தது கொசுறு என்பதுபோல் ஒரே வீச்சில் கொட்டியது. ஆயிரக்கணக்கில் காய்கள், ஒவ்வொன்றும் ஐந்து இறக்கையில் சுழன்று, வெயிலில் சிவந்து, பன்றிகளின் முதுகில், சேற்றில், துவாயின் தொப்பியில் விழுந்தன. இருவாச்சிகள் இறக்கையால் காற்றை அறுத்துக்கொண்டு தலைக்கு மேல் போயின. பன்றிகள் கிளறிய மண்ணிலிருந்து புழுவைக் கொத்தக் காட்டுக்கோழிகள் இறங்கின. வண்டு, ஈ, பட்டாம்பூச்சி எல்லாம் வந்தாயிற்று. சாணத்துக்கு வருகிறவை சாணத்துக்கு, காய்க்கு வருகிறவை காய்க்கு, காய் தின்ன வருகிறதைத் தின்ன வருகிற மலைப்பாம்பு ஒன்று வேருக்கு அடியில் தனக்கென்ன அவசரம் என்று சுருண்டு கிடந்தது. முப்பது வருஷமாக அவள் பார்த்ததெல்லாம் சாதாரண நாள் வியாபாரம். இன்றைக்குத்தான் திருவிழாச் சந்தை.

கொஞ்சம் கழித்துத்தான், தான் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. எண்டியாவும் சிரித்தாள். துவாயும் சிரித்தார். காரணம் கேட்டால் மூவருக்கும் சொல்லத் தெரிந்திராது.

சேறு அப்பிய பன்றிகள் ஒவ்வொன்றாகக் கற்பூர மரத்தடிக்குப் போய் முதுகை அடிமரத்தில் வைத்துத் தேய்த்தன. ஒன்று முடிந்ததும் அடுத்தது. நின்று, வரிசையாக, மேலும் கீழுமாக, கண்ணை மூடிக்கொண்டு.

"கோடாலி!" என்று மேலேயிருந்து தெடோங் கத்தினான். "என் கோடாலி!"

வெயில் ஏறி மந்தை இறங்கிப் போக வெகுநேரம் ஆயிற்று. கீழே இறங்கிப் பார்த்தபோது சாம்பல் என்று ஒன்று அங்கே போட்டதற்கே அடையாளம் இல்லை. மண் முழுக்கக் குளம்பு. அடிமரம் நெஞ்சு உயரத்துக்குச் சேறு பூசி, எண்ணெய் தேய்த்ததுபோல் பளபளத்தது. கோடாலி விழுந்து கிடக்கவில்லை, காணவே இல்லை. பாதி வழியில் ஒதுங்கி நின்றிருந்தவர்களும் ஏறி வந்து சேர்ந்து தேடி, கடைசியில் எண்டியா ஒரு குச்சியால் குத்திப் பார்த்து முழ ஆழத்திலிருந்து இழுத்தாள். பிடியில் பாதி இல்லை, பன்றி மென்றிருந்தது.

"இது பன்றி பண்ணின வேலை" என்றான் தெடோங், மூச்சு வாங்க. "துவாய், நீங்களே பார்த்தீங்க. ஆவியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பன்றி!"

"கோடாலி நிக்குதா, கிடக்குதா?"

"புதைஞ்சு கிடந்தது. ஆனா தள்ளினது..."

"யார் தள்ளினதுன்னு வழக்கத்துல கேள்வி இல்லடா. நிக்குதா, கிடக்குதா. அவ்வளவுதான்."

"அப்போ நேத்து அண்ணி கருவாட்டுத் தண்ணி தடவினப்போ மட்டும் அது ஏன் தப்பாச்சு?"

நியாயமான கேள்வி. கூட்டம் துவாயைப் பார்த்தது. அவர் தொப்பியைக் கழற்றி, அதில் விழுந்திருந்த காய்களைத் தட்டிவிட்டார்.

"அது மனுஷன் வேலை. மனுஷன் என்ன சொல்றான்னு நமக்குக் கூட்டத்துலயே தெரிஞ்சு போச்சு; இருபத்தஞ்சு கை. அதுக்கு எதுக்குக் கோடாலி? கோடாலி மத்தவங்களைக் கேக்குறதுக்கு. மத்தவங்க வந்து சொல்லிட்டாங்க." சேறு பூசிய மரத்தைக் காட்டினார். "ஒருத்தர் ரெண்டு பேர் இல்லடா. வரிசையில நின்னு சொன்னாங்க."

தெடோங் சூலோவிடம் திரும்பினான். "சந்தோஷம்தானே அண்ணி? நீங்க ஜெயிச்சிட்டீங்க."

சொல்லிக்காட்ட எத்தனையோ வார்த்தை அவள் வாயில் இருந்தது. சந்தையில் என்றால் பத்து வருஷத்துக்குச் சொல்லிக்காட்டியிருப்பாள். "நானா?" என்றாள். "என் கருவாட்டை எறும்புகூட மோந்து பாக்கலடா. எனக்காக ஒருத்தரும் வரல. அவங்க சாப்பிட வந்தாங்க. முதுகு அரிச்சது, தேய்ச்சாங்க." மறுபடி சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "நல்லா தேய்ச்சாங்கடா! பாத்தியா?"

தெடோங் முறைக்கப் பார்த்தான், முடியவில்லை. மரத்தில் தொங்கியபடி கோடாலிக்காகக் கத்தினது அவனுக்கே ஞாபகம் வந்துவிட்டது. அவன் சிரித்த பிறகு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும் இறங்கிப் போயிற்று. போனதும் நாய்களை அவிழ்த்தார்கள். ஆற்றைக் கடக்கிற இடத்தில் மந்தையை மறித்ததில் அன்றைக்கு ஒவ்வொரு கதவுக்கும் ஒரு பன்றி. மிச்ச மந்தை திரும்பிப் பார்க்காமல் நீந்திப் போய் அடுத்த மலையில் ஏறிற்று.

பலகைக்கு, ஆற்றோரத்துப் பழைய தரிசில் வளர்ந்த சின்ன மரங்களைத் தெடோங் ஒவ்வொன்றாக அறுத்தான். அந்த ஒரு மரத்துக்குப் பதில் பதினேழு. முணுமுணுத்துக்கொண்டேதான் அறுத்தான். ஒடுக்கமான பலகை, நடந்தால் கிறீச்சிடும். ஆனால் திருவிழாவுக்கு முன்பே போட்டு முடித்துவிட்டான். எண்டியாவின் புருஷன் முதல் ஆளாக அதன் மேல் குதித்துப் பார்த்தான்.

மூன்று வாரம் கழித்துப் பிரம்பு வெட்டுவதற்காகச் சூலோ முகட்டுக்கு ஏறினாள். அத்தனை ஆயிரம் வாய் தின்ற இடத்தில் ஒன்றும் மிஞ்சியிருக்காது என்று எண்ணியிருந்தாள்.

தரை தெரியவில்லை. தின்று தின்று பன்றிகளுக்கு வயிறு நிறைந்துவிட்டிருக்கிறது. மரம் கொட்டியது தீரவில்லை. ஏழு வருஷம் கையை மூடி வைத்திருந்தது எதற்கென்று இப்போது தெரிந்தது: வருகிறவர்கள் எவராலும் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு ஒரே சமயத்தில் கொடுப்பதற்கு. பன்றிகள் உழுது போட்ட சேற்றில் சாண் இடைவெளி இல்லாமல் கன்றுகள் எழும்பியிருந்தன. சிவந்த தண்டு, தலையில் இன்னும் உரிந்து விழாத காய்த்தோல், இரண்டு இலையை அப்போதுதான் விரித்துக்கொண்டு, சரிவு முழுக்க, அடுத்த முகடு வரைக்கும், கண்ணுக்கு எட்டிய மட்டும். இவற்றில் நூற்றில் தொண்ணூற்றொன்பது செத்துப்போகும். ஒன்று நிற்கும். அது அண்ணாந்து பார்க்கிற உயரம் ஆகும்போது பாலே ஆற்றங்கரையில் யார் வீடு இருக்குமோ, எத்தனை கதவோ, எந்தப் பாஷை பேசுவார்களோ.

சூலோ ஒரு காலைத் தூக்கினாள். வைக்க இடம் இல்லை. இன்னொரு பக்கம் பார்த்தாள், அங்கேயும் இல்லை. கபிட் சந்தையில் எதிரே வருகிற மூட்டைக்காரன் ஒதுங்கும் வரை ஒதுங்காதவள், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பாவாடையைத் தூக்கிச் செருகி, இந்தக் கன்றுக்கும் அந்தக் கன்றுக்கும் நடுவே கட்டைவிரல் நுழையும் இடம் தேடித் தேடி, பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக வைத்தாள். எந்தக் கன்றும் அவளுக்காக ஒரு நூல்கூட நகரவில்லை.

முகட்டைத் தாண்ட அன்றைக்கு அவளுக்கு மத்தியானம் ஆயிற்று.